குலசேகரத்து ஓடையும் நம் பாலாறும்: ரப்பர் ஷீட் கழிவு பற்றி ஒரு பதில்

பேரணாம்பட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்காவைக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாமா வீட்டுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம், வீட்டிலேயே ரப்பர்ப் பாலை உறைய வைத்து ஷீட் போடுகிறார்கள். பொங்கலுக்குப் போனபோது வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் மீன் செத்து மிதந்திருக்கிறது. கல்லில் எல்லாம் சாம்பல் நிற வழவழப்பு. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். கேட்டதற்கு அக்காவின் மாமனார், "இது மரத்துப் பால் தண்ணி, நாம என்ன கெமிக்கல் கம்பெனியா நடத்துறோம்?" என்று சொல்லிவிட்டாராம். டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவில் கெட்டுப்போன நம் பாலாறு மாதிரி அந்த ஓடையும் போய்விடுமா, வீட்டளவில் ஏதாவது செய்ய முடியுமா, சட்டத்தில் வழி உண்டா என்று தம்பி கேட்கிறார்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். எங்கள் குடும்ப நிலமும் பாலாற்றங்கரையில்தான். ரப்பர் ஷீட் கழிவையும் ஆய்வு மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆறுதலான செய்தி. இரண்டும் ஒரே நோய் இல்லை. ரப்பர் ஷீட் கழிவு ஓடைக்கு மூச்சு முட்ட வைக்கிறது. கழிவு நின்றால் ஓடை ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பெரும்பாலும் தேறிவிடும். டேனரிக் கழிவு அப்படி இல்லை. அது உப்பாகவும் குரோமியமாகவும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உட்கார்ந்துகொள்ளும், குழாயை அடைத்த பிறகும் போகாது. மாமனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் ஓடையைக் கைவிடுகிறார்கள்.

சிரட்டையில் விழுகிற பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதில் புரதம், சர்க்கரை, கொழுப்பு, தாது உப்புகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஷீட் போடுகிறவர்கள் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ரப்பர் 12.5 சதவீதம் வரும்படி நீர்க்க வைப்பார்கள். ஒரு அலுமினியத் தட்டுக்கு நாலு லிட்டர், அதில் அரைக் கிலோ ரப்பர் என்பது வழக்கமான கணக்கு. அதில் நீர்த்த ஆசிட்டை ஊற்றிக் கலக்கி, மேலே வருகிற நுரையை வழித்துவிட்டு வைத்தால் மறுநாள் காலையில் வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கும். அந்தக் கட்டியை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, கழுவி, நீர் வடியப் போட்டு, பிறகு புகையில் ஏற்றுகிறார்கள். கட்டியைச் சுற்றி நிற்கிற தண்ணீரும் ரோலர் பிழிந்து விடுகிற தண்ணீரும்தான் ஓடைக்குப் போவது. காய்ச்சும்போது பால் திரிந்துபோனால் மிஞ்சுமே ஒரு மங்கலான தெளிநீர், அதைப் போலத்தான் இதுவும் பார்வைக்கு இருக்கும். புளித்த வாடை அடிக்கும். அமிலத்தன்மை பி.எச். கணக்கில் 5-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ நிற்கும் (7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்).

இது மீனைக் கொல்வது எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஓடைத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். மீனுக்கு மூச்சு அதுதான். ஷீட் கழிவில் உள்ள சர்க்கரையும் புரதமும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை தின்று பெருகும்போது அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் ஆய்வகத்தில் பி.ஓ.டி. என்று அளக்கிறோம். ஷீட் கழிவில் இது லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் வரும். ஆற்றில் விடுகிற கழிவுக்கு அரசு வைத்திருக்கும் பொதுவான வரம்பு 30. கணக்குக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் ஷீட் கழிவு, 500 லிட்டர் ஓடைத் தண்ணீரின் மூச்சை முழுசாக எடுத்துவிடும்.

இரண்டு ஏக்கரில் பால் நன்றாக வருகிற நாளில் ஒரு வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு தடவைக்கு, 10 கிலோ ரப்பர் கிடைக்கிறது என்றால் 20 தட்டு, 80 லிட்டர் நீர்த்த பால். ஷீட் போக 60 லிட்டருக்கு மேல் கழிவு. ஒரே காலையில் 30,000 லிட்டர் ஓடைத் தண்ணீர் செத்துப்போக இது போதும். சுற்றிலும் எத்தனை வீட்டில் ஷீட் போடுகிறார்கள் என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். நம் நாட்டு ரப்பரில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு தோட்டங்களில்தான் விளைகிறது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாளி தண்ணீர்தானே என்று தோன்றும். ஓடைக்கு எல்லா வாளியும் காலை பத்து மணிக்குள் ஒன்றாக வந்து சேர்கிறது.

பொங்கல் சமயத்தில் மீன் மிதந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரைதான் ரப்பரில் பால் அதிகம் வருகிற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடையில் தண்ணீர் இறங்குவதும் மார்கழி, தையில்தான். கழிவு கூடுகிறது, அதைக் கரைத்துக்கொண்டு போக வேண்டிய தண்ணீர் குறைகிறது. ஆடியில் போயிருந்தால் ஒருவேளை ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது. மழைக்காலத்தில் ஓடை தெளிவாக இருக்கிறதே என்று வீட்டார் சொன்னால் அதுவும் உண்மைதான். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கல்லில் படிந்த சாம்பல் வழவழப்பைப் பாசி என்று நினைப்பார்கள். பாசி இல்லை. சர்க்கரையும் புரதமும் போன்றவை நிறைந்த கழிவில் இப்படிக் கொத்துக் கொத்தாகப் படரும் நுண்ணுயிர்ப் படலம் அது. பழைய பருத்திநூல் கல்லில் ஒட்டிக்கொண்டு தண்ணீரோடு ஆடுவது போலத் தெரியும், கையில் எடுத்தால் வழுக்கும். எந்த இடத்தில் அது தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலேதான் கழிவு விழுகிறது. ஆய்வகம் எதுவும் இல்லாமலே கழிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கரையோரமாக மேலே நடந்துகொண்டே போய், கல் வெறும் கல்லாக இருக்கும் இடம் எது என்று பாருங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அழுகின முட்டை நாற்றமும் கறுப்புச் சேறும்தான். ஃபார்மிக் ஆசிட் போட்டு உறைய வைத்த பாலின் கழிவில் புளித்த வாடையும் அழுகல் வாடையும் இருக்கும். முட்டை நாற்றம் அவ்வளவு பலமாக அடிக்கிறது என்றால் யாரோ கந்தக ஆசிட் போடுகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. ஃபார்மிக் ஆசிட்டைவிட அது மலிவு, சுலபமாகக் கிடைக்கும். அதிலுள்ள சல்பேட், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் போய்த் தங்கும்போது வேறு வகை நுண்ணுயிர்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. நாற்றம் அந்த வாயுவுடையது. சேற்றில் உள்ள இரும்போடு அது சேர்ந்துதான் கறுப்பு நிறம். மீனுக்கு அந்த வாயுவே விஷம். மூச்சு முட்டுவது ஒரு பக்கம், விஷம் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. மேலே எங்காவது பாலைக் கடைந்து ரப்பர் அளவை 60 சதவீதமாக்கி விற்கும் தொழிற்சாலை இருந்தாலும் இதே நாற்றம் வரும். கடைந்தபின் மிஞ்சும் நீர்த்த பாலை அங்கே கந்தக ஆசிட் போட்டுத்தான் பெரும்பாலும் உறைய வைப்பார்கள். பால் கெடாமல் இருக்க அம்மோனியாவும் சேர்ப்பார்கள். அப்படியானால் கண்ணைக் கரிக்கிற அம்மோனியா நெடியும் கூடவே இருக்கும். அக்காவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது மாமனாரின் "மரத்துப் பால்" பேச்சுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் இதே பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். குரோமியம் உப்பால் பதனிடும் குரோம் முறை வருவதற்கு முன் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான். பட்டையும் காயும் மரஞ்செடியில் இருந்து வந்தவைதான். அந்தக் குழிகளில் இருந்து இறங்கிய கறுந்தேநீர் நிறத் தண்ணீர் வாய்க்காலில் போன காலத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். செடியில் இருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் ஆற்றுக்கு நல்லதாகிவிடாது. எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, ஆறு அதைத் தாங்குமா என்பதுதான் கணக்கு.

பாலாற்றின் கதை வேறு வழியில் போனது. 1970-களில் பச்சைத் தோலை ஏற்றுமதி செய்வது நின்று, பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் அனுப்ப வேண்டும் என்று அரசின் கொள்கை மாறியபின் குரோம் பதனிடுதல் நம் பக்கத்தில் வேகமாகப் பரவியது. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பு, சல்பைடு, பிறகு குரோமியம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவு என்று, பின்னால் நான் சொல்லப்போகும் வேலூர் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தத் தண்ணீர் எல்லாம் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பாலாற்று மணலுக்கும் போனது. பாலாறு மேலே தண்ணீர் ஓடுகிற ஆறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வருடத்தில் பெரும்பாலும் மணல்தான் தெரியும், தண்ணீர் அடியில் ஓடும். கர்நாடகம், ஆந்திரம் தாண்டி வாணியம்பாடிக்கு மேலே புல்லூரில் நம் மாநிலத்துக்குள் நுழைந்து, 222 கிலோமீட்டர் நடந்து வயலூரில் கடலில் சேரும்வரை ஊர்களுக்குக் குடிக்கக் கொடுத்தது அந்த ஊற்றுத் தண்ணீர்தான். அதில் உப்பு இறங்கினால் கழுவிக்கொண்டு போக மேலே ஆறு இல்லை.

உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. இதுதான் முக்கியமான வேறுபாடு. சர்க்கரையைத் தின்று முடித்துவிடும், புரதத்தைத் தின்று முடித்துவிடும், உப்பு உப்பாகவே இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் நாங்கள் எவ்வளவு காற்றடித்தாலும் கழிவின் நாற்றம் போனது, நிறம் குறைந்தது, உப்பின் அளவு வந்தபடியே வெளியே போனது. கடைசியில் சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்ற வைக்கும் முறை வந்தது. கரண்டுச் செலவும் விறகுச் செலவும் மலைக்க வைக்கும். அதன் முடிவில் கிடைக்கிற கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லை, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். கிணற்றில் அந்த உப்பு வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னையில் குரும்பை கொட்டும், ஓலை நுனி கருகும். வரப்பில் வெயில் ஏறியதும் வெள்ளைப் பொருக்கு பூக்கும், நெல் நாற்று நட்ட இடத்திலேயே மஞ்சளாகி நிற்கும். தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்கும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

குரோமியம் இன்னொரு பக்கம். டேனரியில் பயன்படும் வகை சுண்ணாம்பில் படிந்து சேற்றோடு போய்விடும், ஓரளவு கட்டுக்குள் வைக்கலாம். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போனது கரைந்து ஓடுகிற வகை, புற்றுநோய் தருவது. ஆலை 1995-ல் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கே கிடந்து, மழைக்கு மழை நிலத்தடியில் இறங்கியது. மூடிய ஆலை அது, தயாரிப்பு எதுவும் இல்லை, ஆனாலும் தண்ணீர் கெட்டுக்கொண்டே இருந்தது. குலசேகரத்து ஓடைக்கு இந்த விதி இல்லை. ஷீட் கழிவை இன்று நிறுத்தினால் நாளை மறுநாளே ஆக்சிஜன் ஏறத் தொடங்கும். கல்லில் உள்ள படலம் சில வாரத்தில் உரிந்துபோகும். கறுப்புச் சேற்றை அடுத்த வெள்ளம் வாரிக்கொண்டு போகும். மேலேயோ கிளை ஓடையிலோ மீன் மிச்சம் இருந்தால் திரும்ப வரும். எங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. அதனால்தான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் வேலூர் மக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு 1991-ம் வருடத்து வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே நட்டத்தைக் கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புத்தான் சொன்னது. அப்போதைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. இந்தியாவில் எந்த மூலையில் ஆறு கெட்டாலும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது நம் வேலூர்த் தீர்ப்பைத்தான். ஆனால் நட்ட ஈடு? 2025 ஜனவரி 30 அன்று, இன்னும் கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. வழக்குப் போட்ட காலத்தில் ஏர் பிடித்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வழக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அக்கா வீட்டு விஷயத்தில் அது முதல் வழி இல்லை. சொந்த வீட்டுக் கழிவுக்குச் சொந்த மாமனார் மேல் புகார் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில் ஆசிட். கந்தக ஆசிட் இருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மாமனாரிடம் மீனைப் பற்றிப் பேசுவதைவிட ஷீட்டைப் பற்றிப் பேசுவது பலன் தரும். கந்தக ஆசிட் ஷீட்டில் தங்கினால் ரப்பர் நாளடைவில் வலு குறையும், ரோலரும் துருப்பிடிக்கும். ரப்பர் வாரியமும் ஃபார்மிக் ஆசிட்டையும் அசிட்டிக் ஆசிட்டையும்தான் பரிந்துரைக்கிறது. அடுத்து, ஆசிட்டை அளந்து ஊற்ற வேண்டும். பல வீட்டில் கை அளவுதான், அவசரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட. கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் உறையும், ஆனால் அந்தக் கூடுதல் முழுதும் கழிவுத் தண்ணீரில்தான் போகும். மறுநாள்தான் ஷீட் அடிக்கப் போகிறார்கள் என்றால் குறைந்த அளவே போதும். ஒரு அளவுக் குவளை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பிறகு கழிவைப் பிரிப்பது. தட்டில் நிற்கிற தண்ணீரும் ரோலரில் பிழிந்து வருகிற தண்ணீரும் அளவில் கொஞ்சம், வீரியம் அதிகம். ஷீட்டைக் கழுவுகிற தண்ணீர் அளவில் அதிகம், வீரியம் கம்மி. இரண்டும் ஒரே சாக்கடையில் கலந்துவிட்டால் அப்புறம் எல்லாவற்றுக்கும் பெரிய தொட்டி வேண்டும். ரோலர் மேடையைக் கொஞ்சம் சரிவாகப் பூசி, பிழிந்த தண்ணீரை மட்டும் ஒரு சிறு தொட்டிக்குத் திருப்புங்கள். அந்தத் தொட்டியில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் உறையாமல் வந்த ரப்பர்த் துகள் மேலே மிதந்து நிற்கும். வாரி எடுத்து ஒட்டுப்பாலோடு (சிரட்டையிலும் பட்டையிலும் தானாக உறைந்து ஒட்டிய ரப்பர்) போட்டு விற்கலாம். கழுவின தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம், ஒரே இடத்தில் தேங்காமல் மாற்றி மாற்றி விட வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். குழி தோண்டி அதில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். அந்த மண்ணில், அந்த மழையில், குழியில் விட்டது கிணற்றுக்கு வந்து சேர நாள் ஆகாது.

வீரியமான தண்ணீருக்கு ஏற்ற இடம் சாண எரிவாயுக் கலன்தான். மாடு ஒன்றிரண்டு இருக்கும் வீடாக இருந்தால் தயங்கவே வேண்டாம். ஓடையின் மூச்சை எடுக்கிற அதே சர்க்கரையும் புரதமும் மூடிய கலனுக்குள் அடுப்புக்கு எரிவாயு ஆகிவிடும். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களின் கூட்டு ஷீட் நிலையங்களில் ரப்பர் வாரியம் இதை ஊக்குவித்திருக்கிறது, சோதித்துப் பார்த்த வழிதான். இரண்டு ஏக்கருக்கு, நாள் விட்டு நாள் வெட்டு என்று வைத்தால், சராசரியாக ஒரு நாளைக்கு 30, 35 லிட்டர்தான் உள்ளே போகும். ஒரு மாதம் உள்ளே தங்க வேண்டும் என்று கணக்கிட்டாலும் ஆயிரம் லிட்டர் சொச்சம். சாணக் கரைசலுக்கும் சேர்த்து 2,000 லிட்டர் கொள்ளும் கலன் போதும். முதலில் சாணத்தை மட்டும் போட்டு வாயு வரவிட வேண்டும். பிறகு ஷீட் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, முதல் வாரம் ஒரு வாளி, அடுத்த வாரம் இரண்டு வாளி என்று ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ஊற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் புளிப்பில் செத்துப்போகும், வாயு நின்றுவிடும். இது உதவாது என்று மூடிவைக்கிற கலன்களில் பலவும் இப்படித்தான் நின்றுபோனவை. கந்தக ஆசிட் கழிவை இதில் விடவே கூடாது. எரிவாயுவோடு முட்டை நாற்ற வாயுவும் வந்து அடுப்பை அரிக்கும், சமையலறையில் நிற்க முடியாது. கலனில் இருந்து வெளியே வரும் கரைசல் தென்னைக்கு நல்ல உரம்.

மாடு இல்லை, இடம் இல்லை என்றால் பாலை அப்படியே சங்கத்துக்கோ கூட்டு நிலையத்துக்கோ விற்றுவிடலாம். வீட்டில் ஷீட் போடுகிற வேலையும் மிச்சம். நாற்பது வீட்டுக் கழிவு ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒழுங்காகச் சுத்திகரிக்க முடியும், கேள்வி கேட்கவும் ஒரே இடம் இருக்கும். டேனரிகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். அங்கே உப்பிடம் தோற்றோம். ரப்பர் கழிவில் உப்புப் பிரச்சினை அந்த அளவுக்கு இல்லாததால் இந்த வழி இங்கே வேலை செய்யும்.

தோட்டத்தில் இருந்தும் ஓடைக்குப் போவது உண்டு. தென்மேற்கு மழைக்கு முன் இலையுதிர் நோய்க்காகச் செம்பு மருந்து அடிப்பார்கள். பட்டைக்கும் கன்றுக்கும் துரிசும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை. செம்பு உலோகம், குரோமியம் போலவே அழியாது, மிகக் குறைந்த அளவிலேயே மீன் குஞ்சையும் நீர்ப்பூச்சியையும் பாதிக்கும். ரப்பர் தோட்டத்தில் பாலாற்றின் சாயல் எனக்குத் தெரிகிற இடம் இதுதான். மருந்து கலப்பதும் தெளிப்பான் கழுவுவதும் ஓடையில் நடக்கக் கூடாது. ஓடைக்கரையில் நாலைந்து மீட்டருக்கு ரப்பரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், இருக்கிற செடிகொடியை அப்படியே விடச் சொல்லுங்கள். பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்யும் வருடத்தில் சரிவில் மண் கரைந்து ஓடும். மூடுபயிராகப் பியூரேரியாக் கொடி விதைத்து, சரிவுக்குக் குறுக்கே மண் தேங்கும் குழி எடுத்தால் பெருமளவு தங்கிவிடும்.

மேலே நடந்துபோய்ப் பார்த்து, படலம் தொழிற்சாலைக் குழாயில் தொடங்குகிறது என்று தெரிந்தால் அப்போது வழி வேறு. 1974-ம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தனியாகக் கொடுக்காமல் கரையோரக் குடும்பங்கள் சேர்ந்து கொடுங்கள். குழாய்க்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று இரண்டு இடத்தின் படமும் தேதி, நேரத்தோடு இருக்க வேண்டும். மேலே தெளிவு, கீழே கெட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாத புகாரை, தண்ணீர் முதலிலேயே அப்படித்தான் வந்தது என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் இதைக் கற்றுக்கொள்ளவே பல வருடம் ஆனது.

அடுத்த முறை போகும்போது பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போங்கள், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். ஷீட் அடிக்கிற காலையில் மூன்று இடத்தில் தாளை நனைத்துப் பாருங்கள்: வீட்டுச் சாக்கடை ஓடையில் விழும் இடம், அதற்கு நூறு அடி மேலே, நூறு அடி கீழே. அன்றைக்கு எத்தனை தட்டு ஊற்றினார்கள், எந்த ஆசிட், எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிணறு ஓடைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரில் நைட்ரேட்டும் அம்மோனியாவும் பார்க்கச் சொல்லிக் குடிநீர் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். அளவுகள் கிடைத்ததும் எழுதுங்கள், கலன் எவ்வளவு பெரிதாக வேண்டும், சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும் என்று சரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.